உங்கள் பாட்டும் எங்கள் பாட்டும்

"இப்பெல்லாம் என்ன பாட்டு? எங்கட காலத்துப் பாட்டுத்தான் பாட்டு!" இதைச் சொல்லாத வாப்பா, உம்மாமார் எங்கள் ஊரில் குறைவு. அவர்கள் 'எங்கட காலம்' என்பது பெரும்பாலும் 1990களைத்தான்.

இசையே வேண்டாம் என்று பேணுதலாக இருக்கும் குடும்பங்களும் நம்மிடையே உண்டு. அவர்களை மதிக்கிறேன். அதுபற்றித் தீர்ப்புச் சொல்லும் அறிவு எனக்கில்லை. நான் பேசுவது பாட்டுக் கேட்கும் வீடுகளைப் பற்றி மட்டுமே.

பெற்றோரின் பெருமையில் நியாயம் இருக்கிறது. 1992இல் 'ரோஜா' மூலம் திரையிசைக்கு வந்த ஏ.ஆர்.ரஹ்மான், முதற் படத்துக்கே இந்தியத் தேசிய விருது பெற்றார். 1993இல் 'ஜென்டில்மேன்' படத்தின் 'சிக்குபுக்கு ரயிலே' பாட்டில் பிரபுதேவா ஆடினார். அடுத்த வருடம் 'காதலன்' படத்தில் அவரே கதாநாயகன். அதில் மனோவும் ஸ்வர்ணலதாவும் பாடிய 'முக்காபுலா' எல்லைகளைத் தாண்டி ஒலித்தது.

அதே வருடங்கள் எங்கள் வாவிக்கரையில் எப்படி இருந்தன? 1990 ஓகஸ்ட்டில் காத்தான்குடியின் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் உயிர்களைப் பறிகொடுத்த மண் இது. இருட்டு முன்பே கதவடைத்த காலம். "ரயில் பாட்டுக் கேட்டம், ஆனா மட்டக்களப்புக்கு ரயில் ஓடல்ல" என்று வாப்பா சிரிப்பார். போரினால் ரயில் வராத வருடங்களும் இருந்தன. அந்தக் காலத்து இளைஞருக்கு ஒரு துள்ளல் பாட்டு நாலு நிமிட நிம்மதி. அதை அவர்கள் நெஞ்சில் வைத்திருப்பது நியாயமே.

ஆனால், 'பழையது ஒழுக்கம், புதியது சீர்கேடு' என்ற முடிவைத்தான் ஏற்க முடியவில்லை. 'சிக்குபுக்கு ரயிலே' இளைஞர் கூட்டம் பெண்களைச் சீண்டும் பாட்டு. 1995இல் வந்த 'பம்பாய்' படத்தின் 'ஹம்மா ஹம்மா' காட்சியைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்க எத்தனை பெற்றோர் துணிவார்கள்? 2022இல் வந்த 'அரபிக் குத்து' பாட்டில் அர்த்தமே இல்லை என்கிறார்கள். அரபு படிக்கும் எங்களுக்கும் அது தெரியும். ஆனால் 'முக்காபுலா'வும் அரபு வேரிலிருந்து உருது வழியாக வந்த சொல்தான். அன்றைக்கு யார் அதன் பொருளைத் தேடிவிட்டு ரசித்தார்கள்?

நல்லதும் இரண்டு காலத்திலும் உண்டு. 1996இல் 'காதல் தேசம்' படத்தில் ரஹ்மானே பாடிய 'முஸ்தபா முஸ்தபா' நட்பைப் பாடுகிறது. பிரியாவிடை நாளில் எங்கள் வயதுப் பிள்ளைகளின் கண்களையும் அது கலங்க வைக்கிறது. 'ஹம்மா ஹம்மா'வும் 'முக்காபுலா'வும் புதிய ஹிந்திப் படங்களில் புதுமெருகோடு திரும்பி வந்துவிட்டன. இனி எது உங்கள் பாட்டு, எது எங்கள் பாட்டு?

உண்மையில் மாறியது பாட்டைவிட, அதைக் கேட்கும் விதம். அன்று ஒரு வீட்டில் ஒரு ரேடியோ. பஸ்ஸிலும் தேநீர்க் கடையிலும் ஒலித்ததை எல்லோரும் கேட்டார்கள். பிள்ளை என்ன கேட்கிறாள் என்பது வீட்டுக்கே தெரியும். இன்று இயர்போனுக்குள் பாட்டு ஒளிந்துகொள்கிறது. உம்மா பக்கத்தில் இருந்தாலும் மகளின் காதில் என்ன போகிறது என்று அவருக்குத் தெரியாது. தெரியாததால் பயம், பயத்தினால் ஏச்சு, ஏச்சினால் இன்னும் ஒளிப்பு. இதில் நஷ்டமடைவது தாய்க்கும் மகளுக்கும் இடையிலான பேச்சு. இன்று பாட்டை ஒளிப்பவள், நாளை பெரிய பிரச்சினை ஒன்று வந்தாலும் ஒளிக்கப் பழகிவிடுவாள் என்பதுதான் என் கவலை.

ஆகவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: "அதை நிப்பாட்டு" என்பதற்கு முன் "அதைச் சத்தமாகப் போடு, நானும் கேட்கிறேன்" என்று சொல்லுங்கள். கேட்ட பின் பிழை சொல்லுங்கள். நாங்கள் காது கொடுப்போம். தோழிகளே, உங்களுக்கும் ஒன்று: உம்மாவின் முன் போட வெட்கப்படும் பாட்டு எதுவென்று நீங்களே யோசியுங்கள். அந்த வெட்கத்துக்குக் காரணம் இருக்கும். தாளம் எந்தக் காலத்துடையதாகவும் இருக்கட்டும். சொல்லை நிறுத்துப் பார்ப்போம். அந்தத் தராசு இரண்டு தலைமுறைக்கும் ஒன்றாகவே இருக்கட்டும்.