கறுப்பு வெள்ளை என்று எழுத முன்

கோமாரியிலிருந்து கல்முனை வரையுள்ள கரையோர ஊர்களில் பழைய கசட்டுகளை டிஜிட்டலாக்கித் தரும் நம் தொழிலாளருக்கு இந்த உரை. சவூதியில் வேலை செய்தவர்கள் அங்குள்ள தொலைக்காட்சியிலிருந்து பதிந்து கொண்டுவந்த வீஎச்எஸ் கசட்டுகள் இன்னும் வீடுகளில் இருக்கின்றன: ஹஜ் நேரடி ஒளிபரப்பு, ஹறம் ஷரீபின் தறாவீஹ். நம் டெக்கில் போட்டால் சத்தம் தெளிவாக வரும், படமும் ஆடாமல் நிற்கும். கலர் மட்டும் வராது. உடனே உறையில் ‘கறுப்பு வெள்ளை’ என்று எழுதிக் கொடுப்பது பெரும் பிழை. கலர் அந்த நாடாவிலேயே இருக்கிறது.

நமது நாடு கலர் ஒளிபரப்பில் ‘பால்’ முறை நாடு; 1982இல் தொடங்கிய ரூபவாஹினியும் அப்படியே. ஜெர்மனியின் வால்டர் புரூக் வகுத்த அந்த முறையில் 4.43 மெகாஹேட்ஸ் துணைக்காவியின் அவத்தையே நிறத்தைச் சொல்கிறது. சவூதி அரசுத் தொலைக்காட்சி நெடுங்காலம் பிரான்சின் ‘செக்காம்’ முறையில் ஒளிபரப்பியது. அதில் இரண்டு நிற வேறுபாட்டுச் சமிக்ஞைகள் வரிக்கு ஒன்றாக மாறி மாறி எஃப்எம் முறையில் வரும். அதை நாடாவில் பதிய மத்திய கிழக்கு டெக்குகளில் இருந்தது ‘மீசெக்காம்’. பால் டெக்கைப் போலவே கலரைத் தாழ்ந்த மீடிறனுக்கு இறக்கிப் பதியும்; ஆனால் இறக்கப்படுவது செக்காம் கலர். பால் மட்டும் வாசிக்கும் டெக் அதில் பால் பேர்ஸ்ட் என்ற நிறக் குறிப்புச் சமிக்ஞையைத் தேடும், காணாது, கலர் கில்லர் சுற்று வேலைசெய்து நிறத்தை வெட்டிவிடும். சில டெக்குகளில் சிவப்பு, நீலக் கோடுகள் மின்னி மறைவதுண்டு. கறுப்பு வெள்ளைப் பதிவில் அப்படி மின்னாது; அதைக் கண்டால் நிறுத்தி யோசியுங்கள்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. மீசெக்காம் தெரிவுள்ள டெக்கில் போட்டு, தானாகத் தெரிவுசெய்ய விடாமல் கையால் அந்த நிலைக்கு மாற்றுங்கள். வெளியே வருவது செக்காம் என்பதால் கப்ச்சர் கார்ட்டையும் செக்காமுக்கு மாற்ற வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். இடையில் டிபிசி (நேரப் பிழை திருத்தி) இருந்தால் அது செக்காமை ஏற்கிறதா என்று முதலில் பாருங்கள். ஏற்காத டிபிசி மறுபடியும் கறுப்பு வெள்ளையைத்தான் தரும்.

இப்போது சில இடங்களில் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு இக்கசட்டுகளுக்கு நிறம் பூசிக் கொடுக்கிறார்கள். இதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். மென்பொருள் பூசுவது ஊகித்த நிறம். நாடாவில் இருப்பது அன்று கமரா கண்ட நிறம். தன் வாப்பா பதிந்த ஹஜ்ஜைப் பார்க்க வரும் பிள்ளைக்கு ஊகத்தை விற்பது நம் தொழிலுக்கு அழகல்ல.

2004 சுனாமி இக்கரையில் கொண்டுபோனவை போக மீந்த கசட்டுகள் சிலவே. அவற்றை வாசிக்கும் பல்முறை டெக்குகளும், அன்று வளைகுடாவிலிருந்து வந்தவை, இன்று களஞ்சிய அறைகளில் பழைய இரும்புக்குப் போகக் காத்திருக்கின்றன. உங்களிடம் ஒன்று இருந்தால் கொடுத்துவிடாதீர்கள். பெல்ட்டை மாற்றி, ஹெட்டைத் துடைத்து ஓடவிடுங்கள். பக்கத்து ஊர்த் தொழிலாளி கேட்டால் இரவல் கொடுங்கள். மீசெக்காம் டெக் ஒன்று கிடைக்கும் வரை, கலர் வராத சவூதிக் கசட் எதையும் ‘முடிந்தது’ என்று திருப்பிக் கொடுக்காதீர்கள். பதிந்த நாட்டின் பெயரை உறையில் எழுதிப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள்.