ஆயிரமாண்டுப் பகை என்னும் கட்டுக்கதை: ஜியோல்லாவின் வரலாறு சொல்வது என்ன?

தென்கொரியாவின் தென்மேற்கு மூலையிலுள்ள ஜியோல்லா மக்கள்மீது பிற பகுதியினர் கொண்ட வெறுப்பு ஆயிரமாண்டுப் பழமையுடையது என்றொரு கூற்று நெடுநாளாகப் புழங்கி வருகிறது. கொரியத் தொடர்களின் வழியே அந்நாட்டை அறிந்த இந்திய இளைஞர்களும் இப்போது அதைத் திருப்பிச் சொல்லத் தொடங்கியுள்ளனர். இக்கூற்று பிழையானது மட்டுமன்று. குற்றவாளிகளைக் காப்பாற்றுவதும் ஆகும்.

ஜியோன்ஜு, நாஜு என்னும் இரு நகரங்களின் முதலெழுத்துகள் இணைந்து பிறந்த பெயர் ஜியோல்லா. கோரியோ அரசு 1018இல் இம்மாகாணத்தை அமைத்தது. 1896இல் அது வடக்கு, தெற்கு என இரண்டாகப் பிரிக்கப்பட்டது. 1946இல் ஜேஜு தீவு தனி மாகாணமாயிற்று. நிருவாக வரைபடத்திலிருந்து பழைய மாகாணம் மறைந்துவிட்டது. ஆயினும் ஹோனாம் என்ற பெயரில் அதன் தன்னுணர்வு இன்றும் நிலைத்திருக்கிறது.

ஆயிரமாண்டுப் பகை என்போர் முதலில் எடுத்துக்காட்டும் சான்று, கோரியோவை நிறுவிய வாங் கியோன் 943இல் விட்டுச் சென்றதாகக் கருதப்படும் பத்து அறிவுரைகள். அவற்றுள் எட்டாவது, சாரியோங் மலைக்கும் கோங்ஜு ஆற்றுக்கும் தெற்கே வாழ்வோரை அரசுப் பணியில் அமர்த்தலாகாது என்கிறது. அந்த ஆவணத்தின் நம்பகத்தன்மையையே ஐயுற்ற வரலாற்றறிஞர்கள் உண்டு. அது மெய்யென்றே கொண்டாலும், வாங் கியோனின் அரசியருள் ஒருவர் நாஜுவைச் சேர்ந்தவர்; அவருடைய மகனே கோரியோவின் இரண்டாம் மன்னர். மேலும், அந்த எல்லைக்குள் சுங்சியோங் மாகாணத்தின் தென்பகுதியும் அடங்கும். சுங்சியோங் மக்களை எவரும் பிறவித் துரோகிகள் என்று தூற்றுவதில்லையே, ஏன்?

அடுத்து வந்த ஜோசியோன் அரச குலத்தின் பூர்விகம் ஜியோன்ஜு. 1592இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது அரச ஆண்டுக்குறிப்புகளின் பிற படிகள் அழிந்துபோக, எஞ்சியது ஜியோன்ஜுவில் இருந்த படி ஒன்றே. அதே போரில் கடலைக் காத்த யி சுன் சின், ஜியோல்லாவின் இடது கடற்படைத் தளபதி. 1894இல் கோபு வட்டாரத்து அதிகாரியின் தண்ணீர் வரிக்கு எதிராக ஜியோன் போங் ஜுன் தலைமையில் உழவர்கள் எழுந்ததும் இம்மண்ணில்தான். நாட்டின் நெற்களஞ்சியமாக இருந்ததால் வரிச்சுமையும் இங்கே மிகுதி. இவை ஒதுக்கப்பட்ட ஒரு மாகாணத்தின் வரலாறல்ல. நாட்டின் மையத்தைத் தாங்கி நின்ற, அதற்காகவே சுரண்டப்பட்ட ஒரு மாகாணத்தின் வரலாறு.

கட்டுக்கதையை உடைக்கும் உறுதியான சான்று அண்மைக் காலத்தது. 1963 அதிபர் தேர்தலில் கியோங்சாங்கைச் சேர்ந்த பாக் சுங் ஹீ ஏறத்தாழ 1,56,000 வாக்கு வேறுபாட்டில்தான் வென்றார். அந்தத் தேர்தலில் ஜியோல்லாவின் இரு பகுதிகளும் அவருக்கே முன்னிலை தந்தன. ஆயிரமாண்டுப் பகை என்றால், அன்று அது எங்கே போயிருந்தது? எட்டாண்டுகள் கழித்து, 1971இல், ஜியோல்லாவில் பிறந்த கிம் தே ஜுங் எதிர்த்து நின்றபோது வாக்குகள் மாகாணவாரியாகப் பிளந்தன.

இடைப்பட்ட காலத்தில் நிகழ்ந்தவை வெளிப்படையானவை. உல்சான், போஹாங், குமி என ஆலைகள் தென்கிழக்கில் குவிந்தன. சியோலையும் பூசானையும் இணைக்கும் நெடுஞ்சாலை 1970இல் முடிந்தது. 1914இல் திறக்கப்பட்ட ஹோனாம் இருப்புப்பாதையோ மொக்போ வரை இரட்டைப் பாதையாக 2003 வரை காத்திருந்தது. பூசான் துறைமுகத்தின் அண்மையே காரணம் என்பர். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் மொக்போவும் குன்சானும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே வெளிநாட்டு வணிகத்துக்குத் திறக்கப்பட்ட துறைமுகங்கள். எங்கே முதலிடுவது என்பதைக் கடல் முடிவு செய்வதில்லை. அரசு முடிவு செய்கிறது. வேலை தேடிச் சியோலுக்குச் சென்ற ஜியோல்லா ஏழைகளின் வறுமை, பின்னர் அவர்களுடைய குணமாகச் சித்திரிக்கப்பட்டது.

இந்த முத்திரையின் விலை 1980 மே மாதத்தில் தெரிந்தது. குவாங்ஜுவில் குடிமக்களை இராணுவம் சுட்டுக் கொன்றபோது, அதைத் தீயசக்திகளின் தூண்டுதலால் எழுந்த கலவரம் என்று ஆட்சியாளர் பிற மாகாணங்களை நம்பவைக்க முடிந்தது. ஏற்கெனவே ஐயத்துக்குள்ளாக்கப்பட்ட மக்களின் குரல் எளிதில் நம்பப்படுவதில்லை.

இரு தரப்பிலும் பிராந்திய வெறி உண்டு என்று சமன் செய்வோரும் உளர். ஜியோல்லா ஒரே அணிக்குத் திரளாக வாக்களிப்பது உண்மை. போட்டியின்றி வெல்லும் கட்சி மக்களுக்குப் பதில் சொல்லத் தேவையற்றுப் போவதும் உண்மை. ஆயினும் அதிகாரத்தைப் பிடித்து வைக்கத் திரள்வதும், ஒதுக்கப்பட்டதை எதிர்த்துத் திரள்வதும் ஒன்றல்ல.

கொரியத் திரைப்படங்களில் அடியாட்களும் வேலைக்காரர்களும் ஜியோல்லா வழக்கில் பேசுவது நெடுங்கால வழக்கம். துணைவரிகளில் அந்த வழக்கு மறைந்துவிடுகிறது. எனவே இந்தியப் பார்வையாளருக்குக் கொரியா ஒரே மொழி, ஒரே இனம் கொண்ட பிளவற்ற நாடாகத் தோன்றுகிறது. பிளவு கண்ணில் படும்போதோ, அது பழங்காலப் பகை என்ற ஆயத்தமான விளக்கம் கைகொடுக்கிறது. கொரியாவைப் பாடமாக ஏற்றவர்கள் இவ்விரண்டையும் மறுக்கக் கடமைப்பட்டவர்கள். 1963க்கும் 1971க்கும் இடையே முடிவெடுத்தவர்களுக்குப் பெயரும் பதவியும் உண்டு. பழியைப் பத்தாம் நூற்றாண்டின்மேல் சுமத்துவது அவர்களை விடுவிப்பதாகவே முடியும்.