செவிலியா, பிசிசியன் அசிஸ்டென்டா: யாருக்கு வசதியான கேள்வி?

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்ததும், எம்.பி.பி.எஸ். இடம் கிட்டாத பிள்ளைகளின் முன் ஒரு கேள்வி வைக்கப்படுகிறது: நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங்கா, பயிற்சிக் காலத்தையும் சேர்த்து அதே நான்காண்டு ஓடும் பிசிசியன் அசிஸ்டென்ட் படிப்பா? வழிகாட்டி மேடைகள் இதனைப் பிள்ளையின் சாமர்த்தியம் பற்றிய பிரச்சனையாகவே பேசுகின்றன. ‘டாக்டருக்கு அடுத்த நிலை’ என்ற ஆசைவார்த்தையும் உடன் விற்கப்படுகிறது.

அந்த ‘அடுத்த நிலை’ 1965இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில், கடற்படை மருத்துவப் பணியிலிருந்து திரும்பியவர்களைக் கொண்டு தொடங்கப்பட்டது. இந்தியாவுக்கு 1992இல், சென்னையின் இதய அறுவை சிகிச்சைக்கூடம் வழியே வந்தது. மருத்துவர் பற்றாக்குறைக்கு விடையாகப் பிறந்த பணி, தனியார் மருத்துவமனைகளின் கையில் மருத்துவரின் உழைப்பை மலிவாக வாங்கும் உபாயமாகிவிட்டது. நோய் வரலாற்றைக் குறிப்பதும், அறுவை அரங்கில் கைகொடுப்பதும், டிஸ்சார்ஜ் குறிப்பு தயாரிப்பதும் அவர், கையொப்பம் மருத்துவருடையது, கட்டணம் நிர்வாகத்துக்கு. துணைநிலை மருத்துவப் பணியாளர்களுக்கான 2021ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் அவரைத் தன் அட்டவணையில் சேர்த்தது; ஊதியம் குறித்து வாய் திறக்கவில்லை.

செவிலியரின் நிலை மட்டும் என்ன? சங்க இலக்கியத்தின் செவிலி, பெற்ற தாய்க்கு நிகரானவள். மருத்துவமனை முதலாளிகளும் ‘தாய்’, ‘தேவதை’ என்றே புகழ்கின்றனர், சம்பளக் கேள்வி எழும்வரை. சான்றிதழ்களைப் பிடித்துவைக்கும் பிணைப் பத்திர முறைக்கு எதிராக 2011, 2012ஆம் ஆண்டுகளில் மும்பையிலும் தில்லியிலும் கேரளத்திலும் அவர்கள் வேலைநிறுத்தம் செய்ய நேர்ந்தது. 2016இல் உச்சநீதிமன்ற உத்தரவையொட்டி அமைந்த குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்றும், இருநூறுக்கு மேற்பட்ட படுக்கைகள் உள்ள இடத்தில் அரசு செவிலியருக்கு இணையான ஊதியம் வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. பல மாநிலங்களில் அது இன்றும் ஏட்டுச்சுரைக்காய். கேரளத்தில் 2018இல் குறைந்தபட்ச ஊதியம் 20,000 ரூபாயாக அறிவிக்கப்பட்டது என்றால், அதற்குப் பின்னால் செவிலியர் நடத்திய நீண்ட போராட்டம் இருந்தது.

நம் தோழர்களிடையேயும், ‘அவர்கள் அரைகுறை டாக்டர்கள், சங்கத்தில் அவர்களுக்கென்ன வேலை’ என்ற பேச்சு கேட்கிறது. இது பிழை மட்டுமன்று, ஆபத்தும்கூட. செவிலியர் வேலைநிறுத்தம் செய்யும் நாளில் நிர்வாகம் முதலில் தேடப்போவது சங்கமற்ற அவரைத்தான்.

கேட்டுவரும் பிள்ளையிடம் உண்மையைச் சொல்லலாம்: அரசு மருத்துவமனைகளில் செவிலியருக்கு நிரந்தரப் பணியிடமும், மாநிலக் கவுன்சிலில் பதிவும் உண்டு, மற்றவருக்கு அரசுப் பணியிடம் அரிது. ஆகவே இன்றைய நிலையில் நர்சிங்கே சற்று உறுதியான தரை. ஆனால் அடுத்த குறைந்தபட்ச ஊதியக் கோரிக்கை மனுவில் பிசிசியன் அசிஸ்டென்டின் பெயரும் இடம்பெற வேண்டும். அதனைச் சேர்க்க வேண்டியவர்கள் செவிலியர் சங்கத்துத் தோழர்களே.