பெயரில் மட்டும் பாதுகாப்புச் சப்பாத்து

ஆசிரியர் அவர்களுக்கு,



எமது கரையோரத்தின் உள்ளூராட்சி மன்றம் ஒன்று சுத்திகரிப்புத் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்புச் சப்பாத்து வழங்கிய விழாவின் படத்தைத் தாங்களும் பிரசுரித்திருந்தீர்கள். அன்று மேடையில் சப்பாத்து வாங்கியவர்களில் என் தங்கையின் மகனும் ஒருவன். சென்ற வாரம் அதே சப்பாத்தோடு வடிகான் துப்புரவு செய்துகொண்டிருந்தபோது, தூக்கிய கொங்கிறீட் மூடி கைதவறி அவன் வலது காலில் விழுந்தது. இரண்டு விரல்கள் நசுங்கின. பெருவிரலின் நுனியை வைத்தியர்கள் அகற்ற வேண்டியதாயிற்று. இனி எத்தனை மாதம் வேலையில்லாமல் இருப்பான் என்று எவராலும் சொல்ல முடியவில்லை. அவன் நாட்கூலிக்காரன்.

விபத்து எங்கும் நடக்கும். அதற்காக மட்டும் நான் இதை எழுதவில்லை. அந்தச் சப்பாத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து கத்தியால் கீறிப் பார்த்தேன். விரல்களை மூடும் இடத்தில் இரும்பு இல்லை. இரும்புக்குப் பதிலாக இப்போது வரும் கடினமான செயற்கைக் கவசமும் இல்லை. தடித்த மட்டையை ஒட்டி, அதன்மேல் றெக்சினை இழுத்துத் தைத்திருக்கிறார்கள். கட்டைவிரலால் அழுத்தினாலே குழி விழுகிறது. நாக்குப் பகுதியில் 'சேஃப்டி' என்று ஒரு முத்திரை. தர இலக்கம், செய்தவரின் அடையாளம், செய்த மாதம், வருடம் ஒன்றுமே கிடையாது.

இதைக் கையில் எடுத்துக்கொண்டு போய்ச் சபை அதிகாரியிடம் காட்டினேன். "சப்பாத்துக் குடுத்தாச்சிதானே, இனிக் கவனமா வேலை செய்யிறது அவர்ர பொறுப்பு" என்றார். ஆசிரியர் அவர்களே, அந்தக் காயத்தைவிட இந்தப் பதில்தான் எங்கள் குடும்பத்தை அதிகம் எரித்தது. சப்பாத்தே கொடுக்காதிருந்தால் அவன் வெறுங்கால் என்ற எச்சரிக்கையோடாவது மூடியைத் தூக்கியிருப்பான். கவசம் இருக்கிறது என்று நம்பவைத்து அவன் காலைக் கொடுக்கச் செய்திருக்கிறார்கள்.

நான் சவூதியில் ஜுபைலில் வெல்டிங் வேலை செய்தவன். எங்கள் ஊர்களில் வளைகுடா போய்வந்த எவரைக் கேட்டாலும் சொல்வார்கள்: தரமான சப்பாத்து இல்லாதவனை வேலைத்தளத்தின் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஐ.எஸ்.ஓ. 20345 என்ற சர்வதேசத் தரத்தின்படி, சப்பாத்தின் முன்பகுதி 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும். 20 கிலோ எடை ஒரு மீற்றர் உயரத்திலிருந்து விழுகிற அடி அது. ஏறக்குறைய ஒன்றரைத் தொன் பாரம் மெல்ல ஏறி அமுக்கினாலும் நசுங்கக் கூடாது. உள்ளே களிமண் உருளையை வைத்து அடித்து, பிறகு அது எவ்வளவு உயரம் மிஞ்சியிருக்கிறது என்று அளக்கிறார்கள். 42ஆம் அளவுச் சப்பாத்தென்றால் 14 மில்லிமீற்றராவது மிஞ்ச வேண்டும். விரல் பிழைப்பது அந்த இடைவெளியில்தான்.

மருமகனின் காலில் விழுந்த மூடியையும் போய் அளந்தேன். இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், மூன்று அங்குலத் தடிப்பு. 50 கிலோ வரும். ஓரடி உயரத்திலிருந்து முழுப் பாரத்தோடு விழுந்தாலும் 150 ஜூல்தான். உண்மையான சப்பாத்தாக இருந்திருந்தால் விரல் தப்பியிருக்கும்.

இதற்குச் சொல்லப்படும் சமாதானங்களையும் கேட்டுவிட்டேன். வெயிலில் எங்கள் ஆட்கள் போடமாட்டார்களாம். ஜுபைலின் ஆடி, ஆவணி வெக்கையில் அதே ஆட்கள்தானே போட்டார்கள்? இங்கே போடாமல் விடுவதற்குக் காரணம், இரண்டே அளவில் வாங்கி எல்லார் காலிலும் திணிப்பது. இரும்புக் கவசம் நசுங்கினால் விரலையே வெட்டிவிடும் என்று இன்னொருவர் பயமுறுத்தினார். கவசத்தையே நசுக்கும் பாரம் வெறும் விரலை என்ன செய்யும் என்று அவர் யோசிக்கவில்லை. விலை அதிகம் என்கிறார்கள். பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் பொன்னாடைக்கும் காசு இருந்ததே! மட்டைச் சப்பாத்துக்குக் கொடுத்த ஒவ்வொரு ரூபாயும் மக்களின் வரிப்பணம். அது முழுதும் வீண்.

குறைந்த விலை கேட்டவருக்குக் கேள்வி மனுவைக் கொடுத்தோம், அதுதான் விதி என்பது கடைசிச் சமாதானம். மனுவில் 'பாதுகாப்புச் சப்பாத்து' என்ற இரண்டு சொல்லை மட்டும் எழுதினால் மட்டைதான் வரும். என்ன வேலைக்கு எந்த வகை என்று எழுதத் தெரிய வேண்டும். குப்பை அள்ளுபவருக்கு அதே சர்வதேசத் தரத்தின் எஸ்3 வகை: ஆணியும் ஊசியும் உடைந்த போத்தலும் ஏறாதபடி அடியில் தகடு இருக்கும், மேற்புறம் இலகுவில் ஈரம் உறிஞ்சாது. வடிகானுக்குள் இறங்குபவருக்கு எஸ்5 வகை, முழுவதும் றப்பரில் அல்லது அதுபோன்ற பொருளில் வார்த்த பூட்ஸ். சாக்கடையில் நிற்பவருக்குத் தோல் சப்பாத்தும் சரிவராது. இதை ஒரே ஒரு பந்தியில் எழுதிவிடலாம். வந்த சரக்கில் ஒரு சோடியை வெட்டிப் பார்க்க ஒரு கத்தி போதும். இரண்டையும் செய்ய எவருக்கும் மனமில்லை.

எங்கள் பக்கத்துத் தொழிலாளர்களில் சீனி வருத்தம் உள்ளவர்கள் எத்தனையோ பேர். அவர்களின் காலில் ஆணி ஏறினால் பல வேளை வலி தெரியாது. தெரியும்போது புண் எலும்பு வரை போயிருக்கும். எங்கள் மாவட்டத்துப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக் தின்று யானைகள் செத்தபோது உலகப் பத்திரிகைகளெல்லாம் படம் பிடித்தன. அது வேண்டியதுதான். ஆனால் கரையோரத்துக் குப்பையை வீடு வீடாக அள்ளி ஏற்றுகிற மனிதனின் காலை, அவனுக்குச் சம்பளம் போடும் சபைகூடப் பார்ப்பதில்லை.

வேலையில் காயம்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்க 1934ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அது தொழிற்சாலைக்குத்தான், தெருவுக்கு இல்லை என்று எவரும் எங்களிடம் வியாக்கியானம் சொல்ல வர வேண்டாம். மூடி விழுந்தது சபையின் வடிகானில், சபையின் வேலையில், சபை கொடுத்த சப்பாத்தின் மேல்.

அந்தச் சபை உடனடியாக மட்டைச் சப்பாத்துகள் அனைத்தையும் திரும்பப் பெற வேண்டும். அவற்றை ஏற்றுக் கையெழுத்திட்டவர் யார் என்பதைக் கணக்காய்வு கேட்க வேண்டும். காயம்பட்டவனின் நட்டஈட்டுப் பத்திரங்களை இழுத்தடிக்காமல் அனுப்ப வேண்டும். கல்முனை தொடங்கிப் பொத்துவில் வரையுள்ள எல்லாச் சபைகளின் உறுப்பினர்களையும் கேட்டுக்கொள்கிறேன்: அடுத்த பாதீட்டில் கைதூக்குமுன், உங்கள் களஞ்சியத்தில் இருக்கும் ஒரு சோடியை எடுத்து வெட்டிப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வெல்டிங் தொழிலாளி,
சாய்ந்தமருது.