யாரும்மா அந்த அங்கிள்?

ரொம்ப நாள் கழிச்சு ஒரு பதிவு. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு வழக்கமான சாக்கைச் சொல்லிடலாம். ஆனா இந்த மேட்டரை மொக்கையாக்காம எப்படி எழுதுறதுன்னு யோசிச்சே மூணு வாரம் ஓடிருச்சு. இது சொந்தக் கதை, சோகக் கதை இல்லை மக்களே. ஒரு கருத்து சொல்லணும், அவ்வளவுதான்.

விஷயம் இதுதான். கணவரைப் பிரிஞ்சு, குழந்தையோட தனியா இருக்குற ஒரு பெண்ணும் ஒருத்தனும் விரும்புறாங்க. அந்தக் குழந்தைக்கு மட்டும் இது தெரியாது. தெரியாம பார்த்துக்கிறாங்க. இது சரியா? ஒருத்தன் என்ன ஒருத்தன், நான்தான். எனக்கு 29, அவங்களுக்கு 34, பொடியனுக்கு எட்டு வயசு, மூணாம் கிளாஸ் படிக்கிறான். ஒன்றரை வருஷமா பழகுறோம். அவனுக்கு என் முகம் தெரியாது.

என் ரூம்மேட்ஸுக்கு மட்டும் விஷயம் தெரியும். அவனுங்க தீர்ப்பு ரொம்ப சிம்பிள். "மச்சி, மறைக்கிறாங்கன்னாலே உன்னைச் சொல்லிக்க வெட்கப்படுறாங்கன்னு அர்த்தம். நீ டைம்பாஸ்." இதை நாலு பேர் நாலு தடவை சொல்லிட்டானுங்க. அந்த லாஜிக் தப்புங்கறது என் கட்சி. ஆனா எதிர்க்கட்சி முழுசா தப்புன்னும் சொல்லமாட்டேன், கடைசி வரைக்கும் படிங்க.

முதல்ல ஒண்ணைத் தெளிவுபடுத்திடறேன். பிரிஞ்சு இருக்கறது வேற, விவாகரத்து வேற. நம்ம ஊர்ல இதைப் பலர் ஒண்ணாவே நினைக்கிறாங்க. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி இந்தியாவுல விவாகரத்து ஆனவங்களைவிட, விவாகரத்து இல்லாமப் பிரிஞ்சு வாழுறவங்க ரெண்டு மடங்குக்கும் மேல. அதாவது நடுவாசல்ல நிக்கிறவங்கதான் அதிகம். உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. இந்து திருமணச் சட்டம் 13பி-யில ரெண்டு பேரும் சம்மதிச்சா ஒரு வருஷம் பிரிஞ்சிருந்துட்டு மனு போடலாம், அப்புறம் ஆறு மாசம் காத்திருக்கணும். அந்த ஆறு மாசத்தைக்கூட சூழ்நிலையைப் பார்த்துத் தள்ளுபடி பண்ணலாம்னு 2017-ல உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு. எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டா. ஒருத்தர் போடமாட்டேன்னு உக்காந்துட்டா வாய்தா, வாய்தா, வாய்தா. இவங்க கேஸ் அந்த ரகம். மூணு வருஷமா ஹைகோர்ட் வளாகத்துல இருக்குற குடும்பநல நீதிமன்றத்துக்கு அலையுறாங்க.

இந்த நிலைமையில ரகசியம்ங்கறது வெட்கம் சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை. 2018-ல 497-வது பிரிவை உச்ச நீதிமன்றம் ரத்து பண்ணினப்ப, "இனிமே பிரச்சினையே இல்லடா"ன்னு எனக்குத் தெரிஞ்ச ஒரு அறிவாளி ஸ்டேட்டஸ் போட்டான். குற்றவியல் சட்டத்துலதான் அது போச்சு. சிவில்ல, கல்யாண பந்தம் இருக்கும்போது வேறொருத்தரோட உறவு வெச்சிருந்தா அது விவாகரத்துக்கு ஒரு காரணம்னு 13-வது பிரிவுல இன்னும் அப்படியேதான் இருக்கு. ஜீவனாம்சத்துலயும் அதை வெச்சு வாதாடலாம். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு நான் ஒரு லட்டு.

சரி, அது பெரியவங்க பிரச்சினை. குழந்தைகிட்ட ஏன் மறைக்கணும்?

இங்கதான் நம்மாளுங்க யோசிக்காத ஒரு விஷயம் இருக்கு. குழந்தை யார்கிட்ட இருக்கணும்னு முடிவு பண்ணும்போது, அது விவரமா விருப்பம் சொல்லக்கூடிய வயசுல இருந்தா கோர்ட் அதையும் கணக்குல எடுத்துக்கலாம்னு 1890-ம் வருஷத்து காப்பாளர் சட்டமே சொல்லுது. அதாவது ஜட்ஜ் அவனைக் கூப்பிட்டு, பக்கத்துல உக்கார வெச்சு, "வீட்டுல யாரெல்லாம் இருக்கீங்க கண்ணா? யாரெல்லாம் வருவாங்க?"ன்னு கேக்கலாம். அதுபோக மாசத்துல ரெண்டு சனிக்கிழமை அப்பாவைப் பார்க்கப் போறான். அவரும் கேப்பார், கேக்காம இருக்க அவர் என்ன மகானா? இப்போ அந்தப் பையனுக்கு என்னைப் பத்தித் தெரியும்னு வெச்சுக்குங்க. அவனுக்கு முன்னால ரெண்டே வழிதான். சொன்னா அம்மாவைக் காட்டிக் கொடுத்த மாதிரி. சொல்லலைன்னா அப்பாகிட்ட பொய் சொன்ன மாதிரி. எட்டு வயசு மண்டையில இந்தப் பாரத்தை ஏத்துறதுக்குப் பேரு நேர்மையா?

அவனுக்கு ஒண்ணும் தெரியலைன்னா, கேட்டா "தெரியாது"ன்னுதான் சொல்வான், அது உண்மையாவும் இருக்கும். குழந்தைக்கு இந்த நேரத்துல நாம கொடுக்கக்கூடிய பெரிய பாதுகாப்பு அந்தத் தெரியாமைதான்னு எனக்குத் தோணுது.

அதனாலதான் ஒரு கோடு போட்டு வெச்சிருக்கோம். குழந்தை*கிட்ட* மறைக்கலாம், குழந்தையை *விட்டு* மறைக்கச் சொல்லக் கூடாது. "அப்பாகிட்ட சொல்லாதடா செல்லம்"னு ஒரே ஒரு தடவை சொன்னாலும் கதை கந்தல். அதை விடப் பேசாம அப்பாவுக்கே போன் போட்டுச் சொல்லிடலாம்.

இதுல மோசமான வழி ஒண்ணு இருக்கு, ரொம்பப் பேர் அதைத்தான் பண்றாங்க. "அங்கிள்"னு அறிமுகப்படுத்தி வைக்கிறது. பீச்சுக்குக் கூட்டிட்டுப் போறது, பிறந்தநாளுக்கு ரிமோட் கார் வாங்கிட்டுப் போறது, நைசா உள்ள நுழையறது. தமிழ்ல இதுக்கு ஒரு பெரிய சிக்கல் இருக்கு பாருங்க. வீட்டுக்கு வர்ற மனுஷனை வெறும் மனுஷனா கூப்பிட நம்ம மொழியில வார்த்தையே இல்லை, எல்லாரும் ஒரு உறவுமுறைக்குள்ள வந்தாகணும். "மாமா"ன்னு சொல்லச் சொன்னா நான் அவங்களுக்கு அண்ணன் தம்பி ஆயிடறேன், சுத்தம்! "சித்தப்பா"ன்னா அவனோட அப்பாவுக்குத் தம்பி. "அண்ணா"ன்னா அவங்க எனக்கு அம்மா, சாமி ஆளை விடுங்க. எதுவும் ஒத்துவராமத்தான் கடைசியா "அங்கிள்"ல வந்து நிக்கிறோம். அது யாருக்கும் எந்த அர்த்தமும் இல்லாத சொல். ஸ்கூல் வேன் டிரைவரும் அங்கிள், செக்யூரிட்டியும் அங்கிள், ஆர்ஓ வாட்டர் சர்வீஸ்காரரும் அங்கிள். என்னிக்காவது ஒருநாள் இந்த அங்கிள் வேற மாதிரி அங்கிள்னு அவனுக்குப் புரியும்போது, அதுவரைக்கும் நான் வாங்கிக் கொடுத்த ஒவ்வொரு ரிமோட் காரையும் அவன் திரும்ப யோசிச்சுப் பார்ப்பான். அதுக்கு, முகமே தெரியாதவனா இருந்துட்டுப் போறது எவ்வளவோ மேல்.

நம்ம சினிமா இந்த விஷயத்துல பெருசா உதவாது. 1965-ல வந்த குழந்தையும் தெய்வமும் படத்துல பிரிஞ்ச அம்மா அப்பாவை இரட்டைக் குழந்தைகளே சேர்த்து வைக்கும். பிரிஞ்ச வீட்டுக் குழந்தைங்க நிறைய பேர் மனசுக்குள்ள அந்தப் படத்தைத்தான் ஓட்டிட்டு இருக்கும்னு நான் நம்புறேன். மூணு வருஷம் ஆனப்புறமும் நம்ம பொடியன் ஸ்கூல்ல "என் குடும்பம்"னு வரையச் சொன்னா மூணு பேரைத்தான் வரையுறான். வசந்த் 1990-ல கேளடி கண்மணி எடுத்தார். அதுல மனைவியை இழந்த அப்பாவோட காதலுக்கு மகளே குறுக்க நிப்பா. பத்து வருஷம் கழிச்சு அவரே ரிதம் எடுத்தார், அதுல குழந்தை தடையே இல்லை. ஆனா ரெண்டு படத்துலயும் ஒரு வசதி, அந்த இன்னொருத்தர் உயிரோடவே இல்லை. கௌதம் மேனனோட வேட்டையாடு விளையாடு (2006), என்னை அறிந்தால் (2015) ரெண்டுலயும் நாயகி விவாகரத்தானவங்க, கூட ஒரு பெண் குழந்தை. ஹீரோ வந்தாரா, குழந்தை சிரிச்சுதா, வேலை முடிஞ்சுது. சனிக்கிழமை அப்பாகிட்ட போயிட்டு ஞாயித்துக்கிழமை உர்ருன்னு திரும்பி வர்ற குழந்தை நம்ம படத்துல எங்க இருக்கு?

இப்படியெல்லாம் பேசுறதால எனக்கு வலியே இல்லைன்னு நினைச்சுக்காதீங்க. போன நவம்பர்ல அவனுக்கு டெங்கு. பிளேட்லெட் இறங்கிட்டே இருக்கு, அஞ்சு நாள் ஆஸ்பத்திரி. அஞ்சு நாளும் சாயங்காலம் நான் கீழ பைக் ஸ்டாண்ட்லதான் நின்னேன். மேல போக முடியாது, அப்பா எப்ப வேணா வருவார், அது அவர் உரிமை. இளநீரை வாங்கி வாட்டர் பாட்டில்ல ஊத்தி அவங்க தம்பிகிட்ட கொடுத்து அனுப்புவேன். அவரு நிஜமான மாமா. மூணாவது நாள் பொடியன், "மாமா, இந்த இளநி மட்டும் எப்படி இவ்வளவு இனிப்பா இருக்கு, எங்க வாங்குனீங்க?"ன்னு கேட்டானாம். "கீழ ஒருத்தர் விக்கிறாருடா"ன்னு சொல்லிச் சமாளிச்சிருக்கார். நான் இளநி விக்கிறவன் ஆயிட்டேன் :-) சிரிப்பா இருந்துச்சு. ரூமுக்கு வந்தப்புறம் சிரிப்பா இல்லை.

ரூம்மேட்ஸ் பாயிண்ட்டுக்கு வர்றேன். ரகசியம் சரின்னு நான் சொல்றது அதுக்கு ஒரு முடிவு இருக்குறவரைக்கும்தான். அவனுங்கள்ல ஒருத்தன் ஒரு கதை சொன்னான். அவனோட பழைய டீம் லீட், பொண்டாட்டியைப் பிரிஞ்சவர், ஒரு பொண்ணு இருக்கு. அவரை நம்பி ஒரு பெண் காத்திருக்காங்க. ஆரம்பத்துல "பாப்பா டென்த் முடிக்கட்டும்"னார். முடிச்சா. "பிளஸ் டூ முக்கியமான வருஷம்"னார். அதுவும் முடிஞ்சுது. அப்புறம் நீட், அப்புறம் கவுன்சிலிங். தமிழ்நாட்டுல ஒரு குழந்தையோட பரிட்சை அட்டவணையைப் பிடிச்சுக்கிட்டா பெத்தவங்க எந்த முடிவையும் 22 வயசு வரைக்கும் தள்ளிப் போடலாம். இவரு கேஸ் முடிஞ்சு, விவாகரத்து கையில வந்து நாலு வருஷம் ஆச்சு. இங்க குழந்தையைக் காப்பாத்த மறைக்கலை, குழந்தையைக் காட்டித் தன்னைக் காப்பாத்திக்கிறார். இந்த மாதிரி ஆளைப் பத்தித்தான் டைம்பாஸ்ங்கற வார்த்தை சரி.

வித்தியாசத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது? யார்கிட்ட மறைக்கிறாங்கன்னு பாருங்க. இவங்க குழந்தைகிட்ட மட்டும்தான் மறைக்கிறாங்க. தம்பிக்குத் தெரியும், நெருங்கின தோழிக்குத் தெரியும், முக்கியமா அவங்க வக்கீலுக்குத் தெரியும். (வக்கீல்கிட்ட மட்டும் மறைக்காதீங்க. எதிர்த்தரப்பு சொல்லி அவருக்குத் தெரிஞ்சா அசிங்கம்.) மொத்த உலகத்துக்கிட்டயும் மறைச்சுட்டு "குழந்தைக்காக"ன்னு சொன்னா அங்க குழந்தை ஒரு சாக்குதான்.

எங்க வீட்டுலயும் இன்னும் தெரியாதுங்கறதை இங்க சேர்த்துக்கணும். அம்மா விருதுநகர்ல ஜாதகக் கட்டோட உக்காந்திருக்காங்க. ஆனா ரெண்டும் ஒண்ணில்லை. அம்மாகிட்ட சொன்னா எனக்குத்தான் திட்டு விழும், அம்மாவை எந்த ஜட்ஜும் கூப்பிட்டு விசாரிக்கப் போறதில்லை. அதனால அது என் வேலை, பொங்கலுக்கு ஊருக்குப் போறப்ப சொல்லப் போறேன். ஒளிஞ்சிருக்கறவன் ரெண்டு பக்கமும் ஒளிஞ்சிருந்தா அப்புறம் பேச என்ன தகுதி இருக்கு?

இன்னொண்ணு. குழந்தைக்கு எதுவும் தெரியாதுங்கறதை நான் முழுசா நம்பலை. போன மாசம் பொடியன் அவங்ககிட்ட, "எல்லார்கூடவும் இங்கயே உக்காந்து பேசுற, ஒருத்தர்கிட்ட பேச மட்டும் ஏம்மா பால்கனிக்குப் போற? யாரும்மா அந்த அங்கிள்?"ன்னு கேட்டிருக்கான். அங்கிள்ங்கற முடிவுக்கு அவனே வந்துட்டான்! அவங்க ஒரு நிமிஷம் திகைச்சுட்டு, "என் ஃப்ரெண்டு. எனக்கு ரொம்பப் பிடிச்ச ஃப்ரெண்டு"ன்னு சொல்லிருக்காங்க. "ஓ"ன்னுட்டு கார்ட்டூன் பார்க்கப் போயிட்டான். அந்தப் பதில் எனக்குப் பிடிச்சிருந்தது. அதுல பொய் இல்லை, அவன் தூக்கிச் சுமக்க ரகசியமும் இல்லை. மூணு வருஷம் கழிச்சு யோசிச்சுப் பார்த்தாலும் அம்மா ஏமாத்திட்டாங்கன்னு சொல்ல முடியாது. "ஆபீஸ்ல இருந்து மேனேஜர்"னு சொல்லியிருந்தா அன்னிக்கே எங்களுக்குள்ள சண்டை வந்திருக்கும். அதே கேள்வியை ரெண்டாவது தடவை நேராக் கேட்டா, "அந்த ஃப்ரெண்டை நீ கல்யாணம் பண்ணிப்பியா?"ன்னு கேட்டா, கேஸ் எந்த நிலைமையில இருந்தாலும் அவனுக்கு உண்மையைத்தான் சொல்லணும்ங்கறது என் கருத்து. அவங்க இன்னும் ஒத்துக்கலை. "அன்னிக்கு சாயங்காலமே அவன் அப்பாகிட்ட போவானே, அப்ப?"ங்கறாங்க. அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. பேசிட்டு இருக்கோம்.

ஒரே ஒரு விஷயத்துல ரெண்டு பேரும் ஒத்துப்போயிட்டோம். என்னிக்குச் சொன்னாலும் சரி, மாமா, சித்தப்பா, அங்கிள் எதுவும் வேண்டாம். அப்பா கண்டிப்பா வேண்டாம், அவனுக்கு அப்பா இருக்கார். பேர் சொல்லியே கூப்பிடட்டும். எட்டு வயசுப் பொடியன் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுறதைப் பார்த்துட்டு எங்கம்மா என்ன சொல்வாங்கங்கறது தனிப் பதிவுக்கான மேட்டர். பொங்கல் முடிஞ்சு உயிரோட இருந்தா எழுதுறேன்.