வயிற்றெரிச்சலும் காழ்ப்பும்

கடை வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிடுகிறோம். அமாவாசைக்குப் பூசணிக்காய் உடைக்கிறோம். பிறர் கண் நம் கடைமீது படக்கூடாது என்பதில் நமக்குக் குறைவில்லாத அக்கறை. நம் கண் பிறர் கடைமீது படுவதைப் பற்றி எந்த வியாபாரி கவலைப்பட்டிருக்கிறார்?

கண்ணையும் வயிற்றையும் விட்டால் பொறாமைக்குச் சொல் கிடைக்காது போலும். நமக்கு வயிற்றெரிச்சல். தெலுங்கில் 'கடுபு மண்ட', கன்னடத்தில் 'ஹொட்டெகிச்சு'. இரண்டும் அதே வயிற்று நெருப்புதான். மலையாளத்தில் 'கண்ணுகடி'. சீனர்கள் செங்கண் நோய் என்கிறார்கள். லத்தீன் மொழியின் 'இன்விடியா'வும் பார்வையிலிருந்து பிறந்த சொல்லே.

எரிச்சல் சில நாளில் ஆறிவிடும். ஆறாமல் உள்ளே தங்கி இறுகிப்போவதைத்தான் தமிழில் காழ்ப்பு என்கிறோம். காழ் என்றால் மரத்தின் வயிரம். பிரெஞ்சில் இதற்கு 'ரெசான்டிமான்' என்று பெயர். ஜெர்மானியத் தத்துவ அறிஞர் நீட்சே, 1887ல் வெளியிட்ட நூலில் தம் தாய்மொழிச் சொல்லை விட்டு இந்தப் பிரெஞ்சுச் சொல்லையே எடுத்து ஆண்டார். எதிர்த்து நிற்க இயலாதவன், தனக்கு எட்டாத உயர்வுக்கே தீமை என்று பெயர் சூட்டிவிடுகிறான் என்பது அவர் கருத்து. அவர் மளிகைக் கடை வைத்தவரல்லர். ஆனாலும் நம் கடைத்தெருவை நன்றாகவே அறிந்திருக்கிறார். எதிர்க்கடையில் கூட்டம் கூடினால் நாம் என்ன சொல்கிறோம்? எடையில் அடிக்கிறான், பருப்பில் கலப்படம், பில் போடுவதே இல்லை. நேரில் பார்த்தோமா? இல்லை.

ஊரைச் சொல்வானேன், என்னையே சொல்கிறேன். என்னிடம் பொட்டலம் மடிக்கக் கற்ற பையன், சில ஆண்டுகளுக்கு முன் நாலு கடை தள்ளிச் சொந்தக் கடை போட்டார். என் மாதக் கணக்கு வாடிக்கைகள் சிலர் அங்கே போய்விட்டார்கள். தீபாவளிக்கு முன்னால் மொத்த வியாபாரி ஒருவர், "அவருக்குச் சரக்குக் கடன் கொடுக்கலாமா அண்ணாச்சி?" என்று கேட்டார். "பார்த்துக் கொடுங்கள்" என்றேன். பொய் ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் தீபாவளிக்கு அவர் கடையில் எண்ணெய் டின்னும் சர்க்கரை மூட்டையும் பாதிகூட இல்லை. அதைப் பார்த்துக்கொண்டே நான் என் கடையில் வியாபாரம் செய்தேன்.

ஆகவே மொத்த வியாபாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். கடன் கொடுக்குமுன் அடுத்த கடைக்காரரிடம் விசாரிக்கும் பழக்கத்தை விடுங்கள். அவரவர் பழைய பில்லையும், பணம் கட்டிய தேதிகளையும் பாருங்கள். கேட்கப்படுபவர் எவ்வளவு நல்லவராயிருந்தாலும் அந்த ஒரு நிமிஷம் அவரை நம்புவதற்கில்லை.

அந்தத் தம்பி இன்றும் "அண்ணாச்சி" என்று கூப்பிட்டபடி சில்லறை மாற்ற என் கடைக்கு வருகிறார். நான் சொன்ன அந்த இரண்டு சொற்கள் அவருக்குத் தெரியாது. அவரும் நம் சங்க உறுப்பினர்தான். இந்த இதழ் அவர் கடைக்கும் போகும்.