கீழாநெல்லி: கைவைத்தியமும் கவனமும்

மழை ஓய்ந்த சில நாள்களில், கெமாஸ் வட்டாரத் தோட்டப்புறங்களின் செம்மண் சாலையோரத்திலும் லயத்து வாசலிலும் தானாக முளைக்கும் சிறுசெடி கீழாநெல்லி. இலைகளின் கீழ்ப்புறத்தில் நெல்லிக்காய் போன்ற சிறு காய்கள் வரிசையாக அமைந்திருப்பதால் இப்பெயர் பெற்றது. பிள்ளையைச் சுமக்கும் தாயைப் போலத் தோன்றுவதால் மலாய்க்காரர்கள் இதனை ‘டுக்கோங் அனாக்’ என்பர்.

மஞ்சட்காமாலை கண்டவருக்குக் கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி, கழுவி, அரைத்து, மோரில் கலந்து கொடுப்பது பாட்டிமார் அறிந்த கைவைத்தியம். எண்ணெய்ப் பண்டங்களைத் தவிர்த்துப் பத்தியம் இருக்கவும் சொல்வர். மருத்துவமனை எட்டாத் தொலைவில் இருந்த காலத்தில் ஏழைத் தொழிலாளிக்குக் கைக்கெட்டிய மருந்து இதுவே. ஆகவே, இவ்வறிவைப் பழமை என்று ஒதுக்குவது முறையன்று.

அறிவியலும் இதனை ஒதுக்கவில்லை. நோபல் பரிசு பெற்ற பாருக் புளும்பெர்க்கும் சென்னை ஆய்வாளர்களும் இணைந்து நடத்திய சோதனையின் முடிவு 1988-இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. கல்லீரல் அழற்சி ‘பி’ கிருமியைச் சுமந்தவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லித் தூள் கொடுக்கப்பட்டது. பின்னர்ப் பரிசோதிக்கப்பட்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்திருந்தது. போலி மருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அவ்வாறு நேர்ந்தது. ஆயினும், பிற நாடுகளில் பின்னர் நடந்த சோதனைகளில் அதே பலன் கிட்டவில்லை.

இங்கேதான் கவனம் தேவை. மஞ்சட்காமாலை தனி நோயன்று. அது நோயின் அறிகுறி. கிருமித்தொற்று, பித்தப்பைக் கல், எலிக்காய்ச்சல் எனக் காரணங்கள் பல. சில வகைக் காமாலை சில வாரங்களில் தானே தணிந்துவிடும். அப்போது மூலிகைக்குப் பெருமை சேரும். எலிக்காய்ச்சலோ, காலம் தாழ்த்தினால் சிறுநீரகத்தைப் பாதித்து உயிரையும் பறிக்கக்கூடும். மேலும், தோட்டங்களில் களைக்கொல்லி தெளிக்கப்படுகிறது. அங்குப் பறித்த செடியைக் கழுவினாலும் நஞ்சு முற்றிலும் நீங்கிவிடும் என்பதற்கு உறுதியில்லை.

எனவே, இளையோர் பாட்டியிடம் கீழாநெல்லியை அடையாளம் காணக் கற்று, அவர் கூறும் பக்குவத்தை எழுதி வைக்க வேண்டும். ஆனால், கண் மஞ்சளானால் முதலில் செல்ல வேண்டிய இடம் மருத்துவமனையே. மூலிகை உண்டிருந்தால் அதனை மருத்துவரிடம் மறைக்கக்கூடாது. முன்னோர் அறிவைப் போற்றுவது வேறு. அதனை நம்பி உயிரைப் பணயம் வைப்பது வேறு.